முப்பிடாதியின் வலது கை

வீட்டில் வாலிபால் ஆடும் பிள்ளை இருந்தால், ஆட்டம் முடிந்து வந்ததும் அவளுடைய இரண்டு கை விரல்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குத்துக்கல்வலசையில் இருந்துகொண்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். சாரல் மாதங்களில் குற்றாலத்தில் பழக்கடை போடுகிறேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. என் தங்கையின் கோச் சார் வாலிபால் போட்டி மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது, எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டேன்.

முப்பிடாதி என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. நானும் என் மனைவி செல்வியும்தான் வளர்த்தோம். அவள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனாள், செல்வி பாவாடை மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டே இருந்தாள் என்று சொன்னால் சரியாக இருக்கும். எட்டாம் வகுப்பில் என் தலைக்கு மேல் போய்விட்டாள். ரைஸ்மில்லுக்குப் பின்னால் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, "ஏட்டி நெட்டக்கொக்கு, நீ சும்மா நில்லு, அது போதும்" என்று இவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். இவள் சும்மா நிற்கவில்லை. அன்றைக்கு அவள் அடித்த பந்து ஒரு பையன் மூக்கில் பட்டு, அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்குச் சண்டைக்கு வந்தாள்.

அடுத்த வருடம் சுரண்டையில் மின்னொளி ஆட்டம் நடந்தது. சிறந்த ஆட்டக்காரிக்கு ஓர் ஆட்டுக்கிடா பரிசு. மைக்கில் பெயரைச் சொன்னதும் இவள் ஓடிப்போய் கிடாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோடு ஆட்டோவின் பின்னால் அதன் கழுத்தை விடாமல் பிடித்தபடி வீடு வரை வந்தாள். அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தவர்தான் கோச் சார். அவர்தான் விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு மாவட்டம், மாநிலம், கல்லூரி, போலீஸ் வேலை, போலீஸ் அணியின் கேப்டன் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். அகில இந்திய அளவில் போலீஸ் அணிகள் ஆடும் போட்டியில் கோப்பை வாங்கின படங்களில் எல்லாம் நடுவில் நிற்பது அவள்தான். வலைக்கு மேல் எழும்பி அடிப்பவர்களை ஸ்மாஷர் என்பார்கள். அவள் அணியில் முதல் ஸ்மாஷர். முக்கியமான பாயிண்ட் என்றால் பந்து அவளுக்குத்தான் போகும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோள் வலித்தால் மாத்திரை தேட மாட்டார்கள். குற்றாலத்துக்குப் போய், தண்ணீர் கனமாக விழும் இடத்தில், அடிக்கிற தோளை மட்டும் அருவிக்குக் கொடுத்து நிற்பார்கள். அந்த அடியில் தோள் இளகிவிடும் என்பார்கள். முப்பியும் ஒவ்வொரு சாரலுக்கும் விடுப்பில் வந்து அப்படித்தான் நிற்பாள். போன சாரலில் தன் அணிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெயினருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு, எல்லோரும் ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டு என் பழக்கடைக்கு வந்தார்கள். அருவியில் இருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் விரல் வெளுத்துச் சுருங்கித்தான் இருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். கொதிக்கக் கொதிக்க வந்தது. மற்றப் பிள்ளைகள் துண்டைச் சுற்றிப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார்கள். முப்பி மட்டும் வெறும் கிளாஸை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கிளாஸ் சுடல?"

"சுடுதா என்ன?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு கிளாஸைப் பார்த்தாள். இடது கையால் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

கிளாஸை வாங்கி வைத்துவிட்டு அவள் வலது கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த பழம் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் சூடு இருந்தது. விரல்களில் இல்லை. நடுவிரல் நுனி நீலமாக இருந்தது. டீ சுட்ட இடம் சிவக்கவே இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

"தண்ணில நின்னேம்லா, அதான்" என்று கையை உருவிக்கொண்டாள். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல், "அண்ணே, யார்ட்டயும் சொல்லிராத. அடுத்த மாசம் கேம்ப் இருக்கு" என்றாள்.

இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பு இரண்டு தடவை பெயர் வந்து, கடைசியில் விடுபட்டுப் போயிருந்தது. "இருபத்தெட்டு வயசுல கூப்புடுதாவ. இனிமே யாரு கூப்புடப் போறா?" என்று அவள்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே செல்வியிடம் சொல்லிவிட்டேன். செல்வி போய், முப்பியின் விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிய இடம் வெள்ளையாகவே இருந்தது.

"என்னங்க, இது செத்த விரல் மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முப்பி விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நாலு மாசமா இருக்குண்ணே. ஆடி முடிச்சதும் மரத்துப் போகும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும். இப்பந்தான் சரியாவ மாட்டேங்கு" என்றாள். நாலு மாதமாக எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. டீம் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. நுனியில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

முதலில் பார்த்த டாக்டர் குளிரால் வந்தது என்று சூடு பிடிக்க மருந்து கொடுத்தார். அடுத்தவர் கழுத்து நரம்பாக இருக்கும் என்றார். அவர்களைக் குறை சொல்லவில்லை. நன்றாக வளர்ந்த, எஃகு மாதிரி உடம்புள்ள பிள்ளை முன்னால் வந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால், யார்தான் வேறு நினைப்பார்கள்? அந்த வாரமே நடுவிரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. தென்காசியில் ஒரு இளம் டாக்டரம்மா அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"திருநெல்வேலிக்குப் போங்க. ரத்தக்குழாய்க்குன்னு தனியா டாக்டர் இருக்கார்."

"நாளைக்குப் போலாமா மேடம்?" என்று செல்விதான் கேட்டாள்.

"இன்னைக்கே. இங்கயிருந்தே போங்க."

கோச் சார் கார் கொண்டுவந்தார். நான் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். "சார், விரல் போயிருமா?" அவ்வளவுதான் கேள்வி. அந்த டாக்டரைப் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் என் வயதுக்காரர். நிதானமாகப் பேசினார். முப்பியைப் படுக்க வைத்து, பேனா மாதிரி ஒன்றைத் தோளிலும் கையிலும் வைத்தார். டாப்ளர் என்று பெயர். ஊசி கிடையாது, வலி கிடையாது. ரத்தம் ஓடுகிற சத்தம் அதில் கேட்கும். ஈரத் துணியை வீசுகிற மாதிரி, 'விஷ்க், விஷ்க்' என்று அறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"பந்து அடிக்கப் போறப்ப கை எப்படி இருக்குமோ, அப்படியே தூக்கும்மா" என்றார்.

முப்பி கையைப் பின்னால் இழுத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையை விரித்துத் தூக்கினாள். பேப்பரில் வருகிற படத்தில் இருக்கிற அதே கை.

சத்தம் நின்றுபோனது.

செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இறக்கு" என்றார் டாக்டர். சத்தம் வந்தது. "தூக்கு." நின்றது. முப்பிடாதி யாரும் சொல்லாமலே மூன்றாவது தடவை கையைத் தூக்கினாள். இந்தத் தடவை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிக்கொண்டு தூக்கினாள். ஓர் இடத்தில் சத்தம் அறுந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு, "இங்கதான் சார் நான் பந்தத் தொடுவேன்" என்றாள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் இருந்து தோளில் ஒரு கிளை பிரிந்து, எலும்பைச் சுற்றிப் பின்னால் போகிறது. கையைத் தூக்கி ஓங்கும்போதெல்லாம் அந்தக் கிளை இழுபட்டு எலும்பில் நசுங்குகிறது. வருடக்கணக்கில் நசுங்கியதில் ஓர் இடம் பலமிழந்து, சைக்கிள் ட்யூப் வீங்குகிற மாதிரி புடைத்துவிட்டது. புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. கட்டி துண்டு துண்டாக உடைந்து கீழே ஓடி, விரல் நுனியில் இருக்கிற நூல் போன்ற குழாய்களை அடைத்துவிடுகிறது. தொட்டியில் இருக்கிற பாசி குழாயை அடைக்கிற மாதிரி.

"ஒரு நாளைக்கு எத்தனை அடி அடிப்பே?"

"எண்ணுனதில்ல சார். பிராக்டிஸ்ல இருநூறு, முந்நூறு இருக்கும்."

"எப்ப இருந்து?"

"எட்டாப்புல இருந்து சார்."

"அருவில நின்னதால வந்ததா சார்?" என்று செல்வி கேட்டாள்.

"அருவி இல்லம்மா. ஆட்டம்தான்."

அந்த வார்த்தைதான் முப்பியை அடித்தது. அதுவரை சிரித்த முகமாக இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். எந்த அடியால் எங்கள் வீட்டில் உலை கொதித்ததோ, எந்த அடிக்காக ஊர் கை தட்டியதோ, அந்த அடி ஒவ்வொன்றும் உள்ளே அவளையும் அடித்திருக்கிறது.

"கேள்வி ஏதும் இருக்கா?" என்று டாக்டர் என்னைப் பார்த்தார். காரில் பழகிய கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். "சார்... அவ சாப்புடலாமா?" என்று கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் கோச் சார் என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, நான் கேட்டுட்டேன். விரல இப்ப எதுவும் செய்ய மாட்டாவளாம். மொதல்ல அடைப்பக் கரைக்கப் பாப்பாவளாம்" என்றார். நான் கேட்க வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

அன்றைக்கே சேர்த்தோம். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதைத் தோள் வரை கொண்டுபோய், கட்டியைக் கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அதற்கு முன்னால் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கட்டியைக் கரைக்கிற மருந்து உடம்பில் வேறு எங்காவது ரத்தத்தை ஒழுகவிடலாம், மூளையில்கூட என்று விளக்கிச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு என் பெயரில் எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து வரும் என்பது மறந்துபோனது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்ட்ரெச்சரில் இருந்து முப்பிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"என்னண்ணே, ஆப்பரேசன் ஒனக்கா எனக்கா? கையெழுத்துப் போடு. எனக்கு இங்கன குளுருது."

ஐ.சி.யூ.வில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். செல்வி போனால் விரலைப் பார்த்துவிட்டு வந்து நிறம் சொல்வாள். நான் போனால் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். விரலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காத்திருக்கும் இடத்தில் இருந்த நாற்காலிகள் ஒன்றோடொன்று சேர்த்து இரும்பில் அடித்தவை. ஒருவர் அசைந்தால் வரிசை முழுக்க அசையும். உள்ளே இருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு உரியவர்கள் எழும்போது நாங்கள் எல்லோரும் ஆடுவோம். நல்ல செய்திக்குக் கூப்பிடுகிறார்களா, கெட்ட செய்திக்கா என்று தெரியாது. இரவில் அந்த நாற்காலி ஆட்டத்திலேயே தூக்கம் கலையும்.

கேரளாவில் சங்கனாச்சேரிப் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். ஷைனி சிஸ்டர். அவர்தான் மணிக்கொரு தடவை வந்து நகத்தை அமுக்கிப் பார்ப்பார். ரத்தம் ஓடினால், விட்டதும் நகம் சிவக்க வேண்டும். சிவக்க நேரமானால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். என்னைப் பார்த்து அவர் சொன்னது இது.

"சேட்டா, நீங்க இவிட வந்து நின்னு நிலத்தைப் பாத்தா நான் எந்தா செய்யும்? வெரலைப் பாருங்க. பேடிக்கண்டா. அது உங்களைக் கடிக்காது."

பயப்படாதே என்று அவர் சொல்லித்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரல் லேசாகச் சிவந்தது. மோதிர விரலும். நடுவிரல் மட்டும் மெழுகு மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. புடைத்த கிளையைக் கட்டி, கெட்டுப்போன துண்டை எடுத்துவிட்டார்கள். அந்தக் கிளை இல்லாமலும் தோளுக்கு வேறு பக்கத்தில் இருந்து ரத்தம் வந்துவிடும் என்றார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். செல்வி அழுதாள். கோச் சார் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கழிவறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

வார்டுக்கு மாற்றிய அன்று அணிப் பிள்ளைகள் வந்தார்கள். ஆறடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய எட்டுப் பேர். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் நடைபாதையை அடைத்தது. "இது ஆஸ்பத்திரியா, ஸ்டேடியமாம்மா?" என்று காவலாளி சலித்துக்கொண்டார். அவர்களில் கலா என்று ஒரு பிள்ளை. அச்சன்புதூர்க்காரி, சின்ன வயது, முப்பிக்கு அடுத்தபடியாக அடிக்கிறவள். முப்பியால் கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. கலாதான் சிக்கெடுத்து இரட்டைச் சடை போட்டுவிட்டாள். போடும்போதே அவள் கண்ணில் நீர் வடிந்தது.

"என்னட்டி, பேன் கெடக்கா?" என்றாள் முப்பி.

"அக்கா, உங்களுக்குப் பதிலா... கேம்புக்கு என்னைய வரச் சொல்லிருக்காவ."

செல்வி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"அதுக்கு அழுதியாக்கும்?" என்றாள் முப்பி. "இங்கன வா. நீ அடிக்கதுக்கு முந்தியே கண்ணு எந்தப் பக்கம் போவுதோ, பந்தும் அந்தப் பக்கந்தான் போவும். கேம்புல இருக்கவளுவ ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவாளுவ. இந்த மூலையப் பாத்துக்கிட்டு அந்த மூலைக்கு அடிக்கணும்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். தலையணையில் சாய்ந்தபடி அரை மணி நேரம் இடது கையாலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழும்பவில்லை. செல்வி கட்டிலில் ஏறி அவள் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். சிஸ்டரும் வந்து பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் நாங்கள்தான். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் எங்காவது இடித்துக்கொண்டால் உள்ளுக்குள் ரத்தம் கட்டும், பல் தேய்த்தாலும் ரத்தம் வரும். செல்வி வீட்டில் அரிவாள்மனையை எடுத்து ஒளித்துவைத்தாள். நான் கதவு விளிம்பில் பழைய துணியைச் சுற்றி ஆணி அடித்தேன். நடுவிரல் நுனி கறுத்துக் காய்ந்து, கருவேல முள் மாதிரி ஆகிவிட்டது. வெட்டிவிடலாமா என்று நாங்களே கேட்டோம். "அவசரப்பட மாட்டோம். எது பிழைக்கும் எது பிழைக்காதுன்னு அந்த விரலே காட்டிக்கொடுக்கும்" என்றார் டாக்டர். அப்படியே ஆயிற்று. சில வாரங்களில் அந்தக் கறுப்பு தானாகக் கழன்று விழுந்தது. நகத்தில் பாதியும் அதோடு போனது. அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் இருந்தது. சுண்டு விரல் நகம் அளவுக்கு விரல் குட்டை. அவ்வளவோடு போனதே என்று நான் சந்தனமாரி கோயிலில் விளக்குப் போட்டேன். முப்பி அந்த விரலைக் காட்டி, "பாத்தியா அண்ணே, ஒடம்புல ஒரு இடமாவது கொறஞ்சிருக்கேன். இனி எவனும் நெட்டக்கொக்குன்னு சொல்ல முடியாது" என்றாள்.

இப்படி எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள், வாலிபால் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். கலாவின் ஆட்டத்தைப் போனில் பார்த்தாள். பாதியில் அணைத்துவிட்டாள்.

ஆறு மாதம் ஆனதும் டாக்டர் மறுபடி கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சத்தம் மெலிந்தது, நிற்கவில்லை. மாத்திரையைக் குறைத்தார். கிரவுண்டுக்குப் போகலாம், ஓடலாம், பந்தை எடுக்கலாம், ஒரு வருடம் முடியும் வரை தலைக்கு மேல் கையை ஓங்கி அடிக்க மட்டும் கூடாது என்றார். அதற்குப் பிறகும் அடிக்கலாமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என்ன ஆனாலும் கூப்பிடுங்கள் என்று தன் போன் எண்ணை என்னிடம்தான் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டதோடு சரி. அவ்வளவு பெரிய ஆளைப் போனில் கூப்பிட்டு நான் என்ன பேசுவது?

கோச் சார் ஒரு வழி சொன்னார். லிபரோ என்று ஓர் இடம் உண்டு. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் நிற்க வேண்டும். எதிர் அணி அடிக்கிற பந்தை விழாமல் எடுத்துக் கொடுக்கலாம். எழும்பி அடிக்கக் கூடாது, அடித்தால் எதிர் அணிக்குப் பாயிண்ட்.

"குட்டையா இருக்கவளுவ நிக்க எடம் சார் அது" என்றாள் முப்பி. "அந்தச் சட்டையப் போடுததுக்கு நான் அண்ணன்கூட பழம் விக்கப் போயிருவேன்."

"போ. ஒன்னப் பாத்துப் பயந்து ஒருத்தனும் வெலை பேச மாட்டான். அண்ணாச்சிக்கு நல்லதுதான்" என்றார் கோச் சார்.

ஒரு வாரம் போனது. எட்டாம் நாள் விடிகாலையில் என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "கிரவுண்டுக்கு விடு" என்றாள்.

இந்த மாசி மாதம் தென்காசியில் ஆட்டம். அவள் லிபரோ சட்டை போட்டு ஆடிய முதல் ஆட்டம். அன்று நடந்ததால் மறுநாள் டாக்டரிடம் காட்டினோம், ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நீங்களும் பயந்துகொண்டு படிக்க வேண்டாம்.

கூட்டம் அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தது. அணி முழுக்க நீலச் சட்டை, அவளுக்கு மட்டும் மஞ்சள். "முப்பி, என்ன தனியாப் பூத்து நிக்கே?" என்று ஒருவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. விழுந்து விழுந்து பந்தை எடுத்தாள். அவள் ஒவ்வொரு தடவை தரையில் விழும்போதும் செல்வி என் கையைக் கிள்ளினாள். கையில் தடம் தடமாக இருந்தது.

கடைசி செட். சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கலா அடித்த பந்து எதிர் அணியின் கைகளில் பட்டு, மேலே மேலே எழும்பி, எங்கள் பக்கமே திரும்பி வந்தது. முப்பி இருந்த இடத்துக்கு நேர் மேலே, மெதுவாக, யாரோ அவளுக்கென்று தூக்கிக் கொடுத்த மாதிரி இறங்கியது. அவள் நின்று எடுத்திருக்க வேண்டும். அவளுக்கும் தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பில் இருந்து அந்த உயரத்தில் பந்தைப் பார்த்தால் அவள் கால் என்ன செய்யுமோ, அதைச் செய்துவிட்டது. எழும்பினாள். கையை ஓங்கி அடித்தாள்.

என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்த செல்வி பிடியை விட்டாள். பிறகு விசில். நடுவர் எதிர் அணிக்குக் கை காட்டினார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் ஏசினார்கள். "ஏட்டி, சட்டைய மறந்துட்டியா?" என்று கோச் சார் தலையில் அடித்துக்கொண்டார். முப்பி அடித்த இடத்திலேயே நின்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் தடுத்தார். அங்கிருந்தே அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். செக்கச்செவேலென்று இருந்தது. காட்டிவிட்டு, அடுத்த சர்வீஸுக்குக் குனிந்து நின்றாள்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

என்னால் மறுநாள் வரை பொறுக்க முடியவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும்போதே எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். எடுத்துவிட்டார்.

"சார், நான் முப்பிடாதி அண்ணன் பேசுதேன்."

"சொல்லுங்க. விரல் ஏதும் நிறம் மாறிடுச்சா?"

"இல்ல சார். அவ... இன்னைக்கு ஆட்டத்துல அடிச்சிட்டா சார்."

"யாரை?"

"பந்த சார்."

டாக்டர் ஏசினார். இவ்வளவு சொல்லியும் கேட்காவிட்டால் எப்படி, கிரவுண்டில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வலி இருக்கிறதா, மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நானாகவே, "சார், கை போயிருமா?" என்றும் கேட்டேன். போகாது, ஆனால் காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம் என்றார். சரி சார் என்றேன்.

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவருடைய குரல் மறுபடி வந்தது.

"பந்து உள்ளேயா விழுந்துச்சு?"

"உள்ளதான் சார்" என்றேன். "எடுக்க ஆள் இல்ல."